எதிர்த்து மொயிந்தார்

மகனே,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. காதர் கையில் திறந்தபடியே கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். எண்ணூரில் உன்னோடு அறையில் இருக்கிறவர்கள் படிக்கட்டும். முக்கியமாக, உனக்கு மாமனாராக வரப்போகிற அருளப்பன் படிக்கட்டும். அவன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத எதையும் நான் இதில் எழுதவில்லை.

மாதா கோயிலில் உன் கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று என் பெயரையும் அருளப்பன் பெயரையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். இரண்டு தடவையும் நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். “நைனா, கல்யாணத்துக்கு வருவியா மாட்டியா, அவர் பக்கத்துல குந்துவியா மாட்டியா, ஒரே வார்த்தையில சொல்லு.” அதோடு நிறுத்தியிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். அடுத்த வரியில், “சின்னப் பசங்க சங்கத்துல எப்பவோ நடந்த கதைக்கு இம்மாம் வீம்பா” என்று எழுதினாய் பார், அதற்காகத்தான் இவ்வளவு நீளம். சின்னப் பசங்க சங்கம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. தெரியாமல் வளர்த்தவன் நான். அதற்கும் பிறகு வருகிறேன்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீட்டில் கஷ்டம், அதனால் நிறுத்திவிட்டார்கள் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். பொய். எனக்கு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன் தெரியும். வாத்தியார் பலகையில் எழுத, நான் கிரேனைப் பார்ப்பேன். ஒருநாள் மத்தியானம் சுவரேறிக் குதித்தேன், திரும்பிப் போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த உன் தாத்தா என்னை அடிக்கக்கூட இல்லை. “படிக்கலைன்னா என்கூட வந்து தூக்கு” என்றார். தூக்கினேன். காலையில் மூட்டை, சாயங்காலம் ஊர் சுற்றல். அப்போது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி இராயபுரம் பெட்டி படுக்கையோடு கிளம்பிப் போய்விட்டது. மிச்சமிருந்த பையன்களைச் சேர்த்து, படகு ரிப்பேர் செய்கிற ஒரு கொட்டகையில் நாலைந்து பெரியவர்கள் ‘விடிவெள்ளி சிறுவர் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். குண்டு விழுந்தால் அடிபட்டவர்களைத் தூக்கப் பையன்களைத் தயார் செய்வது நோக்கம். ஆரம்பித்துவைத்துவிட்டு அந்தப் பெரியவர்களும் ஒவ்வொருவராக ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். சங்கத்தை நாங்களே நடத்தினோம்.

அங்கே நான் கற்றதை நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இரண்டு மூங்கிலையும் இரண்டு கோணிப்பையையும் வைத்து ஆளைத் தூக்கிப் போகிற தூளி கட்டுவது. முறிந்த எலும்புக்குச் சிம்பு வைத்துக் கட்டுவது. இழுத்தால் இறுகி, தட்டினால் அவிழ்கிற முடிச்சு. முப்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சுவது, அதைச் சண்டை வராமல் பங்கிடுவது. இரண்டு பேர் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் மாற்றிப் பிடித்துக் கையாலேயே நாற்காலி போட்டு, நடக்க முடியாதவரை அதில் உட்காரவைத்துக் கொண்டுபோவது. பள்ளிக்கூடத்தில் பத்து நிமிஷம் உட்காராதவன் அந்தக் கொட்டகையில் மூன்று மணி நேரம் ஒரே முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருப்பேன். தூக்கும் அணிக்கு என்னைத் தலைவனாகப் போட்டார்கள். தலைவனுக்கு ஒரு பித்தளைப் பிகில் உண்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் தூங்குவேன்.

நீ பிறந்தது அந்தச் சங்கத்தால்தான். சிரிக்காதே. உன் அம்மா பிரசவத்துக்குச் சடையங்குப்பத்தில் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். ஐப்பசி மழையில் ஊர் முழுக்க இடுப்பளவுத் தண்ணீர். வண்டி வராது, கட்டில் கொண்டுபோனால் மிதக்கும். நானும் காதரும் கையால் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து, ஒரு மைலுக்கு மேல் தண்ணீரில் நடந்தோம். காதர் வழி முழுக்க, “அண்ணீ, கொஞ்சம் பொறுத்துக்கோ, புள்ள நீச்சல் கத்துகினு வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் வலியிலும் சிரித்துவிட்டு அவன் தலையில் குட்டினாள். ஆறு வயதில் நீ மாட்டுவண்டியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது பஞ்சாங்கத்தைச் சுருட்டி வைத்துக் கட்டித் தூக்கிப் போனேன். “இதை யார் கட்டினது?” என்று டாக்டர் கேட்டார். “நான்தான்” என்றேன். “எந்த ஆஸ்பத்திரியில் வேலை?” என்றார். சொல்லவில்லை. அந்தச் சங்கத்தின் பெயரை நான் சொல்வதை நிறுத்தி அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது.

இனி அருளப்பன். அவன் அப்பா ஆபீசில் குமாஸ்தா. இவன் எங்களைவிட மூன்று வயது பெரியவன், படிக்கிறவன், சட்டைக்குப் பொத்தான் எல்லாம் போட்டிருப்பான். அதனால் செயலாளர். கூட்டம் நடத்துவதை அவன்தான் எங்களுக்குப் பழக்கினான், அதை மறைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். ஒருவன் எழுந்து தீர்மானத்தை முன்மொழிய வேண்டும், இன்னொருவன் எழுந்து வழிமொழிய வேண்டும், பிறகு கை தூக்கி ஓட்டு. நடந்ததெல்லாம் மினிட் புத்தகத்தில் ஏறும். அடுத்த வெள்ளிக்கிழமை அதைச் சத்தமாக வாசித்து, எல்லோரும் சரி என்ற பிறகுதான் மற்ற வேலை. எனக்கு அது முடிச்சுகளைவிடப் பிடித்துப்போயிற்று. நம் பக்கத்து நாக்கு எப்படி என்று உனக்குத் தெரியுமே. வாழைப்பழம் நமக்கு வாயப்பயம். “வயிமொயிறேன்” என்று நான் எழுந்து நிற்பேன். பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

எனக்குப் பதினாலு நடந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அருளப்பன் எழுந்து ஒரு தாளைப் படித்தான். “பள்ளியில் பயிலாதவர்கள் இச்சங்கத்தில் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர்கள்.” கொட்டகையில் பள்ளிக்கூடம் போகாதவன் நான் ஒருவன்தான். காதர் எழுந்து வழிமொழிந்தான். காதர், என் தோஸ்து, ஒரே இலையில் சாப்பிட்டவன். நான் எழுந்தேன். “தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்த எதிர்த்து மொயிறேன்.”

“என்ன செய்யறே?” என்றான் அருளப்பன்.

“எதிர்த்து மொயிறேன்.”

“காதில் விழலே. புஸ்தகத்தில் எழுதணுமில்லையா? எழுத்துக் கூட்டிச் சொல்லு.”

நான் முட்டாள். நிஜமாகவே எழுதத்தான் கேட்கிறான் என்று நினைத்து, “மோ, யீ” என்று எழுத்துக் கூட்டினேன். கொட்டகை கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குனிந்து எழுதினான். கை தூக்கினார்கள். பிகிலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மினிட் புத்தகம் வாசித்தபோது நான் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டேன். “மேற்படி உறுப்பினர் எதிர்த்து மொயிந்தார்.” நிறுத்தி, அழகாக, இரண்டு தடவை வாசித்தான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் மொயி. துறைமுகத்தில் மொயி, சந்தையில் மொயி, உன் அம்மாவைப் பெண் கேட்கப் போன இடத்திலும், “மாப்ள மொயிதானே?” என்றார்கள். சின்ன வயதில் நீ என்னிடம், “நைனா, நீ கல்யாண வூட்ல மொய் எய்துவியா, அதான் அந்தப் பேரா?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன். இப்போது தெரிந்துகொள்.

மறுநாளே காதர் வந்தான். பிகில் அவன் கழுத்தில். “பிகில் குடுக்கறேன்னான்டா, கைய தூக்கிட்டேன். இந்தா, ஒரு தபா ஊதிட்டு குடு.” ஊதிவிட்டுக் கொடுத்தேன். அவன் மேல் இருந்த கோபத்தை அங்கேயே விட்டுவிட்டேன். அருளப்பனை விடவில்லை. தினமும் வேலை முடிந்து கடற்கரைப் பாறை மேல் உட்கார்ந்து வாழை, கோழி, ஏழை, கீழே என்று சத்தமாகச் சொல்லிப் பழகுவேன். வலை காயவைக்கிறவர்கள், “இன்னாடா, நாக்குல முள்ளு மாட்டிக்கிச்சா?” என்று கேட்பார்கள். நாக்கு மடங்கி அந்த எழுத்து வர எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் பிடித்தது. வந்த பிறகு யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். எப்போது, எங்கே என்று தெரியாது. யாருக்கு என்று மட்டும் தெரியும்.

அந்த நாள் வரப் பதிமூன்று வருஷம் ஆயிற்று. திருவொற்றியூரில் தகரம் வெட்டுகிற ஒரு தொழிற்சாலையில் எனக்கும் காதருக்கும் வேலை. அங்கே தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் யார் என்று பார்த்தால் அருளப்பன். அவன் ஆபீசில் நேரம் குறிக்கிற குமாஸ்தா. இங்கிலீஷ் தெரியும் என்று எல்லோரும் சேர்ந்து அவனைப் போட்டிருந்தார்கள். கம்பெனிக்குப் போகிற கடிதமெல்லாம் அவன் கை. நன்றாகத்தான் எழுதினான். என்னைப் பார்த்து, “நல்லா இருக்கியா?” என்றான். நன்றாக இருக்கிறேன் என்றேன். இரண்டு வருஷம் சிரித்த முகமாகவே இருந்தேன். கூட்டம் எப்படி நடக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தால் செல்லும், எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் அந்தத் தொழிற்சாலையில் இரண்டே பேர். ஒருவன் அவன். இன்னொருவனைப் பழக்கியவனும் அவன்தான். மெஷின் மெஷினாகப் போய் ஆட்களிடம் பேசினேன். “நாம கைய குடுத்து வேல செய்யறோம், நாற்காலில குந்தினு இருக்கறவன் நமக்கு செயலாளரா?” என்றேன். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதனால் எடுபட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தொழிற்சாலை மதிலை ஒட்டின மைதானத்தில் பொதுக்குழு. இருநூறு பேர் இருப்பார்கள். நான் எழுந்து, “எந்திரத்தில் வேலை செய்யாதவர்கள் இச்சங்கத்தில் பதவி வகிக்கத் தகுதியற்றவர்கள் என்று முன்மொழிகிறேன்” என்றேன். ஒரு எழுத்து பிசகவில்லை. இருநூறு பேரில் ஒருவனுக்குத்தான் அந்த வாக்கியம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியும். அவன் நிமிர்ந்து பார்த்தான். காதர் வழிமொழிந்தான். அருளப்பன் எதிர்த்துப் பேச எழுந்தான். வாய் திறந்தான். “சத்தமா சொல்லு செயலாளரே, எழுதணுமில்ல?” என்றேன். திறந்த வாய் அப்படியே நின்றது. உட்கார்ந்துவிட்டான். புதுச் செயலாளர் நான். மினிட் புத்தகத்தில், “முன்னாள் செயலாளர் எதிர்த்துப் பேச எழுந்து, வாய் வராமல் உட்கார்ந்தார்” என்று எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்தேன். அவன் கடைசி வரிசையில் இருந்தான். நிறுத்தி, இரண்டு தடவை வாசித்தேன். மகனே, உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? உன்னை முதல்தடவை கையில் வாங்கியபோது இருந்ததைவிட அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து வெட்டுகிற மெஷினில் காதரின் வலது கை மாட்டிக்கொண்டது. தூளி கட்டித் தூக்கினேன், ரத்தத்தை நிறுத்தினேன், உயிரைக் காப்பாற்றினேன். கையைக் காப்பாற்ற முடியவில்லை. அவன் கவனக்குறைவு என்று சொல்லி, ஏன் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, ஏழு நாளில் பதில் கொடு என்று கம்பெனி இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் கொடுத்தது. பதிலும் இங்கிலீஷில் போக வேண்டும். செயலாளர் நான். எனக்கு இங்கிலீஷில் என் பெயர்கூட எழுத வராது. அருளப்பன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“காதருக்காக ஒரு காயிதம் எய்தணும்,” என்றேன்.

அவன் வாசற்படியில் நின்றபடியே பதில் சொன்னான். “எந்திரத்தில் வேலை செய்யாதவன் சங்கப் பதவி வகிக்கக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கே, கடிதம் எழுதறது செயலாளர் வேலையாச்சே.”

“அத வுடு. அவன் கை போயிடுச்சு.”

“எப்படி விடறது? பொதுக்குழு போட்ட தீர்மானம். பொதுக்குழுதான் ரத்து பண்ணணும். பொதுக்குழுவுக்குப் பதினாலு நாள் நோட்டீஸ். உனக்குத் தெரியாததா?”

ஏழு நாள் கெடுவுக்குப் பதினாலு நாள் நோட்டீஸ். அவனை நான் மன்னிக்காததற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் இதற்கு மேல் எழுதப்போவதை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கோர்ட் வாசலில் மனு எழுதிக்கொடுக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பஸ் ஏறினால் அரை மணி நேரம். எனக்குத் தெரியும். போகவில்லை. மறுநாளும் அருளப்பன் வாசலுக்குத்தான் போனேன். அதற்கு மறுநாளும். அவன் கையாலேயே அந்தக் கடிதத்தை எழுதவைக்க வேண்டும், அவன் என் முன்னால் இறங்கி வர வேண்டும் என்று எனக்கு வெறி. ஏழாம் நாள் சாயங்காலம் தமிழில் நானே எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆபீஸ் பூட்டியிருந்தது. காதரை நிறுத்திவிட்டார்கள்.

அவன் இப்போது வண்ணாரப்பேட்டையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். இடது கையையும் பல்லையும் வைத்து அந்தச் சங்கத்து முடிச்சைப் போட்டுப் பொட்டலம் கட்டுகிறான், பார்த்திருப்பாய். ஒருநாள் கடையில் உட்கார்ந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மனு எழுதுகிறவர்களிடம் நான் போகாததையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பொட்டலம் கட்டினான். “ரெண்டு தபா கைய தூக்கினேன். ஒரு தபா உன்ன தொரத்த, ஒரு தபா அவன தொரத்த. இப்ப தூக்கறதுக்கு கையே இல்ல. நிம்மதியா கீது,” என்றான். பிறகு, “டீ குடிச்சியா?” என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கோபத்தை எல்லாம் நான் உன் மேல் இறக்கினேன். உனக்குப் பத்து வயதில் நம் தெருவில் ஒரு சிறுவர் சங்கம் ஆரம்பித்தார்கள். நீ சேர்ந்து, தகரத்தில் விளக்குச் செய்யப் பழகி, ஒரு விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன் பெயரை நோட்டிலிருந்து அடிக்கவைத்தேன். உன் தோஸ்துகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பார்த்து யாரும் அங்கே சிரிக்கக் கூடாது என்று செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கவைத்தவன் நான். பிறகு நீ எங்கேயும் சேரவில்லை. உனக்கு ஒரு கட்டுப்போடத் தெரியாது. நாலு பேர் நடுவில் எழுந்து உன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வராது. கல்யாணத்துக்கு வருவியா என்று எதிரில் வந்து நின்று கேட்காமல், எண்ணூருக்குப் போய் எட்டு நாள் கழித்துக் கடிதம் எழுதுகிறாய். எதிர்த்துப் பேசும்போது கால் நடுங்கினாலும் நிற்கலாம் என்று பத்துப் பன்னிரண்டு வயதில் பழகியிருக்க வேண்டும். நான் பழகினேன், உன்னைப் பழகவிடவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால் ஏதாவது ஒரு சங்கத்தில் விடு. விட்டுவிட்டு வந்துவிடாதே. அங்கே யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார். எங்கள் கொட்டகையில் அதைப் பார்க்க ஒரு பெரிய ஆள் இருந்ததில்லை.

இரண்டாவது ஓலை வாசித்த திங்கட்கிழமை நான் சாமியார் பங்களாவுக்குப் போனேன். தடை சொல்லத்தான் போனேன். மறைக்கவில்லை. என்ன தடை என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. வராந்தா பெஞ்சில் எனக்கு முன்னாலேயே ஒருவன் உட்கார்ந்திருந்தான். அருளப்பன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரே பெஞ்சுதான். நானும் உட்கார்ந்தேன்.

“நீ இன்னா இங்க?” என்றேன்.

“நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்.”

“எம் புள்ளைக்கு இன்னா கொற?”

“அவனுக்கு ஒண்ணுமில்லே. அப்பன்தான்.”

“பதினாலு வயசுப் பையன நாயி மாதிரி தொரத்தின நீ பேசாதே.”

“அதுக்கு முன்னாடி நடந்தது?” என்றான்.

“முன்னாடி இன்னா நடந்தது?”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். “கண்ணுக்குக் கீழே தூண்டில் முள் குத்தி ஒரு மீன்காரரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தாங்க. எனக்கு ரத்தத்தைப் பார்த்து வாந்தி வந்துடுச்சு. நீ அவருக்குக் கட்டுப்போட்டே. போட்டுட்டு வெளியே போய், நான் வாந்தி எடுத்ததை மார்க்கெட் வரைக்கும் நடிச்சுக் காட்டினே. ஒரு வாரம் நடிச்சே. எங்க அம்மா மீன் வாங்கப் போனா, அவங்க எதிரிலேயே மீன்காரிங்க குனிஞ்சு ஓக்காளிப்பாங்க. எங்க அம்மா கூடையை அங்கேயே வெச்சுட்டு வீட்டுக்கு வந்து அழுதாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை நான் தீர்மானம் எழுதினேன்.”

மகனே, அந்த மீன்காரர் எனக்கு நினைவிருக்கிறது. அவர் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டு, நான் போட்ட கட்டு, முடிச்சு எந்தக் காதுக்கு மேல் வந்தது, எல்லாம் இருக்கிறது. நடித்தது இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. ஆனால் அந்த வயதில் நான் அதைச் செய்யக்கூடியவன்தான்.

“சொம்மா தமாசுக்குப் பண்ணியிருப்பேன்,” என்றேன்.

“மொயியும் தமாசுதான்,” என்றான்.

கதவைத் திறந்துகொண்டு சாமியார் வந்தார். “அடடே, சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்க. என்ன விஷயம்?” என்றார். சொல்ல வந்ததைச் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவன் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவான். அவனும் அதையேதான் நினைத்திருப்பான். “கோயில் அலங்காரத்தைப் பத்திக் கேக்க வந்தேன், சாமி,” என்றான் அருளப்பன். “நானும் அதுக்குத்தான்,” என்றேன். “ரொம்ப நல்லது. பந்தலும் தோரணமும் நீங்க ரெண்டு பேருமே பார்த்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை நானும் அவனும் ஒரே ஏணியில் ஏறிக் கயிறு கட்ட வேண்டும். அவன் போடுகிற ஒவ்வொரு முடிச்சையும் அவன் கண் எதிரிலேயே அவிழ்த்து மறுபடி நான் போடுவேன். அதில் எந்த மாற்றமும் இல்லை.

நீ கேட்ட ஒரு வார்த்தைக்கு வருகிறேன். வருவேன். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. காதருக்காகக் கடிதம் எழுதாதவனை நான் மன்னிக்கவில்லை. நான் நடித்துக் காட்டியதை அவனும் மன்னிக்க வேண்டாம். நான் வராவிட்டால் முதல் பெஞ்சில் அவன் ஒருவனே உட்கார்ந்திருப்பான், கெலித்த மாதிரி. அதை என்னால் பொறுக்க முடியாது. உன்னை மணமகனாகப் பார்க்கவும் எனக்கு ஆசை இருக்கிறது. இரண்டில் எது பெரியது என்று கேட்காதே. பக்கத்தில் உட்கார்வேன். எங்கள் நடுவில் காதர் உட்கார்வான். நான் சொல்லவில்லை, அவனே கேட்டான். விருந்தில் நானோ அருளப்பனோ பழைய கதையை எடுத்தால், உன் அம்மாவைப் பார்க்காதே, உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவைப் பார்க்காதே, யாரையும் கலந்து பேசாதே. எழுந்து நில். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொல். நான் போய்விடுவேன். அவனையும் இழுத்துக்கொண்டுதான் போவேன்.

நைனா